பெயரும் பாதையும்



ஒரு குடும்பப் பெயர் எவ்வளவு தூரம் நடக்கும்? இக்கேள்விக்கு அயர்லாந்து நாட்டில் ஒரு விடை இருக்கிறது. அங்கே மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்று 'ஓ'சல்லிவன்'. அந்தப் பெயரின் அடிச்சுவட்டைப் பின்பற்றி இன்று நாமும் சிறிது தூரம் நடந்து பார்ப்போம்.

முதலில் பெயரின் பொருளைக் காண்போம். ஐரிஷ் மொழியில் 'ஓ' என்பதற்குப் பேரன், வழித்தோன்றல் என்று பொருள். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் 'பெயரன்'. அதுவே பேரன் ஆயிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே இந்த 'ஓ' நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 'சூல்' என்றால் கண். கருங்கண்ணன் வழிவந்தோர் என்று சிலரும், ஒற்றைக்கண்ணன் வழிவந்தோர் என்று சிலரும் இப்பெயருக்குப் பொருள் கூறுவர்.

இக்குலத்தாரின் பழைய நிலம் திப்பரேரி. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்மானியர் அங்கே நுழைந்த பின், இவர்கள் தென்மேற்கே கார்க், கெர்ரி மலைப் பகுதிகளுக்குப் பெயர்ந்தார்கள். அவர்களுள் ஒரு கிளையினர் பேரா என்னும் தீபகற்பத்தில் நிலைபெற்றனர். நமது பேராக் மாநிலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மூன்று பக்கமும் அட்லாண்டிக் கடல் சூழ்ந்த, பாறையும் புல்லும் நிறைந்த நிலம்.

16ஆம் நூற்றாண்டின் முடிவில் அங்கே தலைவராக இருந்தவர் டோனல் காம் ஓ'சல்லிவன். 1601ஆம் ஆண்டு டிசம்பரில் கின்சேல் என்னுமிடத்தில் ஐரிஷ் படைகள் ஆங்கிலேயரிடம் தோற்றன. மறு ஆண்டு ஜூன் மாதம் அவருடைய டன்பாய் கோட்டை பீரங்கிகளால் தகர்க்கப்பட்டது. அதைக் காத்து நின்றவர்கள் 143 பேர்தாம். மாண்டவர் போக, பிடிபட்டவர்களுள் பலர் தூக்கிலிடப்பட்டனர்.

கோட்டை போயிற்று, கால்நடைகளும் போயின. 1602ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, கடுங்குளிரில், டோனல் காம் கிளென்காரிஃப் என்னும் ஊரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். அவருடன் சென்றவர்கள் சுமார் ஆயிரம் பேர். நானூறு பேர் போர்வீரர்கள். மற்றவர்கள் பெண்கள், குழந்தைகள், பணியாட்கள். நட்பு மன்னர் ஓ'ருவார்க்கின் லீட்ரிம் கோட்டையே அவர்கள் நாடிய புகலிடம். அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

வழியில் ஷானன் என்னும் பெரிய ஆறு குறுக்கிட்டது. கடக்க ஓடம் இல்லை. குதிரைகளைக் கொன்று, மரக்கிளைகளால் சட்டம் கட்டி, தோலைப் போர்த்திப் படகு செய்தார்கள். இறைச்சி பசிக்கு உணவாயிற்று. இரண்டு வாரங்களுக்குப் பின் லீட்ரிம் கோட்டை வாயிலை அடைந்தவர்கள் முப்பத்தைந்து பேர்! அவர்களுள் ஒருவர் மட்டுமே பெண். பின்தங்கிய வேறு சிலர் பிறகு வந்து சேர்ந்தனர். எஞ்சியோர் போரிலும் பனியிலும் பசியிலும் மடிந்தனர். அல்லது வழியிலேயே நின்றுவிட்டனர்.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வழியெங்கும் அவர்களைத் தாக்கியவர்கள் ஆங்கிலேயர் மட்டுமல்லர். தங்கள் நிலத்தையும் தானியத்தையும் காக்க எண்ணிய ஐரிஷ் தலைவர்களும் தாக்கினார்கள். டன்பாய் முற்றுகையின்போது ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்களுள் டோனல் காமின் சொந்தச் சிற்றப்பன் மகன் ஓவன் ஓ'சல்லிவனும் ஒருவர். அதற்கும் காரணம் உண்டு. குல வழக்கப்படி தலைவராகியிருந்த ஓவனின் தந்தையிடமிருந்து, ஆங்கிலச் சட்டத்தின் துணையால் தலைமையைப் பெற்றவர் டோனல் காம். ஒரே பெயர் இரண்டு அணியிலும் நின்றது. பெயரைப் போற்றுவோர் இந்தப் பாதியை மறைத்தால், அது புகழ்ச்சியாகுமே தவிர வரலாறு ஆகாது.

இப்பயணத்தின் விவரங்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? டோனல் காமின் உறவினர் பிலிப் ஓ'சல்லிவன் சிறுவயதிலேயே ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டவர். அவர் இலத்தீன் மொழியில் எழுதிய வரலாற்று நூல் 1621ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் அச்சாயிற்று. அவருடைய தந்தை அந்த நடைப்பயணத்தில் சென்று உயிர் தப்பிய முதியவர். ஆகவே வீட்டார் சொல்லக் கேட்ட செய்தி அது. அதனாலேயே அதற்கு மதிப்பு உண்டு. அதனாலேயே அதைச் சற்று நிறுத்துப் பார்க்கவும் வேண்டும். டோனல் காமும் ஸ்பெயினில் அடைக்கலம் புகுந்து, 1618ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில் கொல்லப்பட்டார்.

தலைவர் மறைந்தாலும் பெயர் மறையவில்லை. ஆங்கில ஆட்சியில் பலர் முன்னிருந்த 'ஓ'வை விட்டு, வெறும் 'சல்லிவன்' ஆனார்கள். பேராவின் ஆலிஹீஸ் என்னும் ஊரில் 1812ஆம் ஆண்டு செப்புச் சுரங்கம் திறக்கப்பட்டது. அது நலிந்தபோது, அங்கே உழைத்தவர்கள் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள பியூட் நகரச் சுரங்கங்களுக்குப் போனார்கள். சல்லிவன் என்ற பெயரும் அவர்களோடு கடல் கடந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி தோன்றியது. அதன்பின் தாயகத்தில் பலர் அந்த 'ஓ'வை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்று டோனல் காம் சென்ற வழியை ஒட்டி, பேரா முதல் பிரெஃப்னி வரை, சுமார் 500 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்று இருக்கிறது. மஞ்சள் நிற நடைமனிதன் குறி வழிகாட்ட, மக்கள் மலையும் சதுப்பும் கடந்து நடக்கிறார்கள். ஒரு முனையில் டன்பாய்க் கோட்டையின் இடிபாடுகள். லீட்ரிமில் ஓ'ருவார்க் கோட்டையின் ஒரு சுவர். அன்று அகதிகளைத் தாக்கிய ஊர்களையும், அவர்களுக்கு இடம் தந்த ஊர்களையும் ஒரே பாதை இணைக்கிறது.

மாணவர்களே, நாளை வகுப்பில் தேசப்படத்தைத் திறந்து, கிளென்காரிஃபிலிருந்து லீட்ரிம் வரை விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். ஒரு விரற்கடை தூரம்தான் இருக்கும். அந்த விரற்கடையில் ஆயிரம் பேர் நடந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.