குரல் போனாலும் சொல் போவதில்லை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



சுரமானிக் கம்பியை இறுக்க இறுக்கச் சுருதி உயரும் என்பதைப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் படித்தோம். பாடும் குருவியின் குரலிலும் அந்த இழுவிசைக்கு இடமுண்டு.

குருவிக்கு ஒலி பிறப்பது நமக்குப் போலத் தொண்டையில் அன்று. வாதனாளி இரண்டாகப் பிரியும் இடத்தில் சிரிங்ஸ் என்ற உறுப்பு இருக்கிறது. காற்றுப்பைகளிலிருந்து வரும் காற்று அங்குள்ள மென்மையான மடிப்புகளை அதிர வைக்கிறது. ஆர்ஜென்டினாவில், புவனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் கப்ரியேல் மிண்ட்லினும் குழுவினரும் இதனைச் சமன்பாடுகளில் அடக்கினார்கள். அவற்றை இயக்குபவை முக்கியமாக இரண்டு: காற்றின் அமுக்கம், மடிப்புகளின் இழுவிசை. இவை சீராக மாறினாலே சிக்கலான பாட்டு வந்துவிடுகிறது.

2012இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், குரல் அடக்கப்பட்ட சீப்ரா பிஞ்ச் குருவி ஒன்று தானாகவே பாட முனைந்தது. அதன் காற்றமுக்கத்தையும் தசைச் சமிக்ஞையையும் மின்னணுக் கருவியொன்று வாங்கி, அக்கணமே சமன்பாட்டைத் தீர்த்து, பாட்டாக ஒலித்தது. 2021இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் மூளைச் சமிக்ஞைகளிலிருந்தே குருவியின் பாட்டை உருவாக்கினார்கள்.

குருவியின் பாட்டு மனிதப் பேச்சு அல்ல. இது நாளைக்கே வாட்டுக்கு வரப்போகும் கருவியும் அல்ல. ஆனாலும் வைத்தியர்களான எமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அந்தக் குருவிக்குப் போனது ஒலி மட்டுமே. பாடும் எண்ணமும் முயற்சியும் உள்ளே அப்படியே இருந்தன.

புற்றுநோயால் குரல்வளை அகற்றப்பட்டவர்களும், நரம்பு நோயால் நா அசையாதவர்களும் எம்மிடம் வருகிறார்கள். கேள்வியை அவர்களிடம் கேட்காமல் கூட வந்தவரிடம் கேட்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. வீட்டிலும் அப்படித்தான், அம்மாவுக்குப் பேச வராதென்றால், அவவுக்காக நாமே முடிவெடுத்து விடுகிறோம். ஒரு பேனையைக் கொடுப்போம். எழுத முடியாதவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டுவோம். பதில் வரும்வரை பொறுத்திருப்போம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

பாடசாலைக்கும் ஒரு வேண்டுகோள். உயிரியலா, கணிதமா என்று பிள்ளைகளை 16 வயதிலேயே பிரித்துவிடுகிறோம். இந்த ஆய்வோ இரண்டும் கைகோர்த்ததால் பிறந்தது. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கு ஆய்வுகூடத்துக்குப் போகட்டும். இரு பிரிவுப் பிள்ளைகளும் அங்கே ஒரே மேசையில் நிற்கட்டும்.