நோயாளிக்குக் காவல்

1847ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்துப் பிரசவ விடுதி ஒன்றில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என மருத்துவர்க்கும் மாணவர்க்கும் விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த தாய்மார் மரணம், யூன் மாதத்தில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. அதே ஆண்டிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

மானிப்பாயிலே 1848இல் கிறீன் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் கற்றோர் பலர் உத்தியோகம் நாடிக் கிராமங்களை விட்டகன்றனர். ஆகவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என நூல்கள் வெளிவந்தன. மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898இல் இணுவிலிலே மக்லியொட் மருத்துவமனை எழுந்தது. அங்கே தமிழ்ப் பெண்கள் தாதிப் பயிற்சியும் பெற்றனர்.

செம்மல்வைஸ் உணர்த்தியது கையின் தூய்மை. கிறீன் உணர்த்தியது மொழியின் தெளிவு. நோயாளியின் பாதுகாப்புக்கு இவ்விரண்டும் இன்றியமையாதன.

நற்பயிற்சி பெற்ற தாதி ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகளைத் தூய்மை செய்கிறாள். மருந்து கொடுக்குமுன், "நீங்கள் கந்தையாவோ?" என்று கேட்பதில்லை; "உங்கள் பெயர் என்ன, ஐயா?" என்றே கேட்கிறாள். ஏனெனில், காய்ச்சல் மயக்கத்திலே கிடப்பவர் எந்தப் பெயருக்கும் "ஓம்" என்று சொல்லிவிடக்கூடும். ஆள், மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம் ஆகிய ஐந்தும் சரியெனக் கண்ட பின்னரே மருந்து கொடுக்கப்படும். எழுந்திருக்க இயலாதவரைக் காலந்தவறாது புரட்டிப் படுக்கவைப்பதனால் படுக்கைப்புண் தடுக்கப்படுகிறது.

நோயாளி வீடு திரும்பியதும் இக்காவல் உற்றார் கைக்கு மாறுகிறது. அடுக்களைக் கரண்டிகள் எல்லாம் ஓரளவினவல்ல. பாணி மருந்தை அதனுடன் தரப்படும் அளவுக் கிண்ணத்திலேயே அளத்தல் வேண்டும். பரியாரியாரிடம் வாங்கிய குளிகையோ கஷாயமோ உட்கொள்வதாயின், அதனை மருத்துவரிடம் மறைத்தலாகாது. இரு மருந்துகள் ஒன்றோடொன்று மாறுபட்டுத் தீங்கு செய்தல் கூடும். இரவிலே எழுந்து நடக்கும் முதியவருக்கு வழியில் விளக்கும் வழுக்காத தரையும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வழக்கம் உண்டு. தாதி சொன்னதை, "நான் விளங்கிக்கொண்டது சரிதானா, பிள்ளை?" என்று கேட்டு, வீட்டார் தம் சொற்களிலே திருப்பிச் சொல்லுதல் வேண்டும். "மூன்று வேளை" என்பதைச் சாப்பாட்டுக்கு முன் என்று கொண்டனரா, பின் என்று கொண்டனரா என்பது அப்போதே வெளிப்பட்டுவிடும். கேட்க வெட்கப்படுவதனால் நோயாளிக்கே தீங்கு நேரலாம். தமிழிலே மருத்துவம் சொல்ல ஒருவர் கடல் கடந்து வந்து உழைத்த மண்ணிலே, தமிழர் தம் மருந்தைப்பற்றித் தமிழிலே கேட்கத் தயங்க வேண்டியதில்லை.