சீப்பில் தங்கும் முடி

தர்மபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றிச் சேர்வராயன் மலை, சித்தேரி மலை. சீயக்காயும் அரப்பும் தேடி அலைய வேண்டாத ஊர். கடலூர் சின்னிக்கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கிய பிறகு, நம் ஊர்ப் பெட்டிக்கடை வாசலிலும் ஷாம்புச் சரம் தொங்கியது.

"சீயக்காயை விட்டதிலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே!" என்று பலர் கலங்குகிறார்கள். தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்புதான், தாயே. அதற்கு மேல் கொட்டினால் நேற்று வாங்கிய ஷாம்புவை மட்டும் பார்க்காதீர்கள்; இரண்டு மூன்று மாதம் பின்னோக்கிப் போங்கள். கடும் காய்ச்சல் வந்ததா? பிரசவமா? சாப்பாட்டைக் குறைத்தீர்களா? அப்போது ஓய்வுக்குப் போன முடிதான் இப்போது உதிர்கிறது. பெரும்பாலும் சில மாதங்களில் தானே முளைத்துவிடும். இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

முடி மங்குவது வேறு கதை. தர்மபுரி மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால், தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பிசுக்காகப் படியும், முடி சொரசொரக்கும். சீயக்காயில் அந்தப் பிசுக்கு வராது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கடைசி அலசலுக்காவது ஊற்றிப் பாருங்கள்.

வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, உச்சந்தலை அரித்துப் புண்ணானாலோ எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.