தராசு சொல்லும் சேதி



அண்ணனூரில் வாடகைக்கு வீடு பிடித்து, விடிந்ததும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் கட்டட வேலைக்கும் ஓடுகிறவர்கள் உங்களில் பலர். "புள்ளை நல்லா ஓடுது, ஆடுது. எடை போடறதுக்குன்னு ஒரு நாள் கூலியை விடணுமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பதிலையும் கேளுங்கள்.

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும்; தெரிந்துவிடும். எடை ஏறாமல் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற நேரத்தில் பிள்ளை மெலிந்திருக்கும். அப்புறம் சாதாரண வயிற்றுப்போக்கே உயிருக்கு ஆபத்தாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்வது தராசுதான். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஐந்தாம் மாதத்தில் சுமார் 6 கிலோவும், ஒரு வயதில் சுமார் 9 கிலோவும் இருக்க வேண்டும்.

இது நம் தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்த வழி. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. கிராமங்களில் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் சத்துணவு கொடுத்தார்கள்; தாய்க்கும் விவரம் சொன்னார்கள். எடை தேறியதும் சத்துணவு நின்றது; எடை போடுவது மட்டும் நிற்கவில்லை.

இன்று அந்தத் தராசு உங்கள் தெரு அங்கன்வாடியில் இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கிய திட்டம் இது. "நாங்க வெளியூரு, எங்களுக்குக் குடுப்பாங்களா?" என்று தயங்க வேண்டாம். ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது கிடைக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ஆணையிட்டிருக்கிறது. காசு கிடையாது. கைக்குழந்தைக்கும் தாய்க்கும் சத்துமாவு, வளர்ந்த பிள்ளைக்குச் சூடான சாப்பாடும் முட்டையும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை இவைதான்:

1. நாள் தள்ளிப்போனதும் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். 12 வாரத்துக்குள் செய்தால் நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுவே முதல் படி.

2. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு குழைத்த சோறு, பருப்பு, கீரை, முட்டை.

3. மாதம் ஒரு தடவை எடை. வேலைக்குப் போகிற தாய்க்குப் பதில் பாட்டியோ, பக்கத்து வீட்டு அக்காவோ தூக்கிப் போகலாம்.

4. அட்டையில் எடைக்கோடு மேலே ஏறுகிறதா என்று கேளுங்கள். படுத்தாலும் இறங்கினாலும் அன்றைக்கே செவிலியரைப் பாருங்கள்.

5. வீடு மாறினால் தட்டுமுட்டுச் சாமானோடு அந்த அட்டையும் வரட்டும். புது இடத்து அங்கன்வாடியில் காட்டிச் சேருங்கள்.

அம்மா, ஒரு நாள் கூலியை நாளைக்குச் சம்பாதித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வருஷத்தில் விட்டுப்போன வளர்ச்சியைத் திரும்பப் பிடிப்பது கடினம். இந்த மாதமே பிள்ளையைத் தராசில் உட்கார வையுங்கள்.