‘அசையாம படுத்திருங்க’ என்று சொல்லும் முன்

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த முதியோர் நலக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

செயலாளர் சார் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பிறகு காபி வருகிறதாம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டில் அம்மா வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வோம்? சாப்பாடு கட்டிலுக்கே போகும். டயப்பர் கட்டிவிடுவோம். டி.வி.யைக் கட்டில் பக்கம் திருப்பி வைப்போம். “நீங்க அசையாம படுத்திருங்கம்மா, நாங்க இருக்கோம்ல.” பாசத்தில் குறையே இல்லை. ஆனால் என் அனுபவத்தில், ஆபரேஷன் சரியில்லாமல் நடை போனவர்களைவிட, இப்படித் தாங்கித் தாங்கியே நடை போனவர்கள்தான் அதிகம்.

2007-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. சராசரியாக 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்துவிட்டது. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே இந்தக் கதி. எண்பது வயதில், வலியோடு, அரை இட்லி சாப்பிட்டுக்கொண்டு படுத்திருப்பவரை யோசித்துப் பாருங்கள். சதை மட்டுமல்ல, நெஞ்சில் சளி தேங்கும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும்.

அதனால்தான் இடுப்பு ஆபரேஷன் ஆனவரை, முடிந்தால் மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறார்கள். அது கொடுமை இல்லை, சிகிச்சையின் பாதி அதுதான். நீங்கள் டாக்டரிடம் கேட்டு டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்க வேண்டியது ஒன்று: அந்தக் காலில் எவ்வளவு எடை போடலாம்? இது தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, “கரண்ட் வைக்கலையா?” மெஷின் வைத்தால்தான் பிசியோ என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மெஷின் சிலருக்கு வலியைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் அது தொடையில் பலம் ஏற்றாது, நடக்கச் சொல்லித்தராது. வருகிறவர் பி.பி.டி. படித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். அரை மணி நேரம் மெஷினை மட்டும் வைத்துவிட்டுப் போனால், “நாங்க என்ன பயிற்சி செய்யணும்?” என்றும் கேளுங்கள். அவர் வருவது ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரம் உங்கள் கையில், இல்லையென்றால் வீட்டில் பார்த்துக்கொள்ளும் அக்காவின் கையில். பயிற்சி நேரத்தில் அந்த அக்காவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

வீடுகளில் நான் பார்க்கும் சில பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவருக்கு முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். (முன்வரிசையிலேயே இரண்டு பேர் இப்போது கை மாற்றுகிறீர்கள்!) படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். பக்கவாதம் வந்தவரை, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவி, ஆயுளுக்கும் வலி நிற்கலாம்.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பிசியோதெரபிஸ்டுக்கு வேலை இல்லை.

வயதாகிவிட்டது, இனி என்ன என்று கேட்பவர்களுக்கு வேலூர் மேரி வர்கீஸைச் சொல்வேன். சி.எம்.சி.யில் இளம் டாக்டர். 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பயிற்சி எடுத்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை வளர்த்தார். அவர் கால்கள் கடைசிவரை திரும்பவில்லை. வேலை திரும்பியது. பிசியோவிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. நம் அம்மா மறுபடி ஓட வேண்டாம். தானாகப் பாத்ரூம் போய் வந்தால் வீடே மாறிவிடும்.

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வராந்தாக்களில் நிற்கும் செருப்பு ஸ்டாண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினால், மழைக்காலத்தில்கூட வாக்கர் வைத்து நடக்க இடம் கிடைக்கும். லிஃப்ட் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டால், பாதி வழியில் உட்கார்ந்து எழலாம்.

இன்று ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டுப் பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரட்டும். கூடவே நடங்கள், போனில் நேரம் பாருங்கள். பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. விழுவதற்கு முன்பே ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் இருப்பேன். வீட்டில் இருக்கும் வாக்கர், தடியை எடுத்து வாருங்கள். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். பலருடையது அப்படி இல்லை, உயரத்தைச் சரிசெய்து தருகிறேன்.