தீக்கோழியும் சட்டத்தின் பட்டியலும்
(உரையின் வாசகம்)

பண்ணை உயிர்களின் நலன் கருதிச் சட்டம் இயற்றினால் மட்டும் போதாது. அது எவ்வெவ்வுயிருக்குப் பொருந்தும் என்பதும் தெளிவாதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் தீக்கோழியின் நிலை இதற்குத் தக்க சான்றாகும்.

தென்னாப்பிரிக்காவில் 1860-களில் இறகு வாணிபத்திற்கெனத் தொடங்கிய தீக்கோழி வளர்ப்பு, பின்னர் தோலுக்கும் இறைச்சிக்குமான தொழிலாகிப் பிற நாடுகளுக்கும் பரவிற்று. முழு வளர்ச்சியுற்ற பறவை 100 கிலோகிராமுக்கும் மேல் எடையுள்ளதாகலாம். இறைச்சி மாட்டிறைச்சிபோல் சிவந்தது. அச்சமுற்றால் வலிய கால்களால் முன்னோக்கி உதைக்கும். ஆகவே தலைக்கு உறையிட்டு அமைதிப்படுத்தி, மின்சாரத்தால் உணர்விழக்கச் செய்து அறுப்பதே நன்முறை எனக் கருதப்படுகிறது.

கால்நடைகளை மனிதாபிமான முறையில் அறுப்பதற்கான அமெரிக்கச் சட்டம் 1958-இல் இயற்றப்பட்டது. சமய முறைப்படி அறுப்பது நீங்கலாக, மாடு, ஆடு, பன்றி முதலியவற்றைச் சங்கிலியில் பிணைத்துத் தூக்குமுன் உணர்விழக்கச் செய்தல் வேண்டும் என்பது அதன் விதி. கோழியினங்களுக்கு இவ்விதி செயற்படுத்தப்படுவதில்லை.

தீக்கோழி இறைச்சிக்கு 2001-இல் அரசின் ஆய்வு கட்டாயமாயிற்று. ஆனால் அப்பறவை சேர்க்கப்பட்டது கோழியிறைச்சிப் பொருள்கள் ஆய்வுச் சட்டத்தில். நுகர்வோர் இதனால் சுகாதாரப் பாதுகாப்புப் பெற்றனர். உணர்விழந்த பின்னரே அறுபடும் பாதுகாப்பைப் பறவை பெறவில்லை. குருதி நன்கு வடிதல் வேண்டும், வெந்நீரில் இடுமுன் மூச்சு நின்றிருத்தல் வேண்டும் என்பன போன்ற விதிகளே அதற்குக் கிட்டின.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியை மேற்கொண்டது. 2009-இல் இயற்றப்பட்டு 2013 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் ஒழுங்குவிதி, சமயச் சடங்கிற்கு விலக்களித்து, பண்ணைப் பாலூட்டிகளையும் பறவைகளையும் உணர்விழக்கச் செய்த பின்னரே கொல்லுதல் வேண்டும் என்கிறது.

இது இரக்கம் மட்டும் சார்ந்ததன்று. அஞ்சித் துள்ளும் பறவையின் தோல் சேதமுறும், இறைச்சி கன்றும், தொழிலாளரும் காயமுறுவர். தோலே பெருவருவாய் தரும் தொழிலில் இவ்விழப்பு சிறிதன்று.

இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், மனிதரல்லாத எவ்வுயிரும் பிராணியே என வரையறுக்கிறது. உணவுக்காகக் கொல்வதை அது குற்றமாக்கவில்லை. எனினும் தேவையற்ற துன்பம் இழைப்போர்க்கு அவ்விலக்கு உதவாது. புதிய உயிரினங்கள் பண்ணைக்கு வருங்கால் இவ்விரிந்த வரையறையின் பயன் விளங்கும். அமெரிக்காவிலோ, அறுக்கப்படும் தீக்கோழியைக் காக்க அதன் பெயரைச் சட்டத்திலேயே வெளிப்படையாகச் சேர்த்தல் வேண்டும்.