ஔவையாரைக் காணவில்லை



சற்று முன் இந்த மேடையில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். படியை விட்டு இறங்கியதும் உறையைத் திறந்து நீங்கள் முதலில் பார்த்தது உங்கள் பெயரை. இனிஷியல் சரியாக இருக்கிறதா, எழுத்து ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தீர்கள். பார்க்கத்தான் வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காக ரேஷன் கார்டையும் ஆதாரையும் பட்டாவையும் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பெற்றோர் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த அலைச்சல் உங்களுக்குத் தெரியும் என்பதால், நான் சொல்ல வந்தது உங்களுக்கு எளிதில் விளங்கும் என்று நம்புகிறேன்.

நான் 31 ஆண்டுகளாகக் கல்லூரி நூலகர். பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறேன். பட்டமளிப்பு விழாவில் பேச ஒரு நூலகரை அழைப்பது அபூர்வம். உங்கள் முதல்வர் அழைத்ததை என் தொழிலுக்குச் செய்த மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் தொழிலில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது சீர்காழியில் பிறந்த ஒரு கணித ஆசிரியரிடம் போய் நிற்கும். மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சேர்ந்த சில நாளிலேயே வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்ப நினைத்தவர். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில், ஒரு கடையில் குழந்தைகளின் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள். மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம்தான் 1933-இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1931-இல், நூலக இயலுக்கு ஐந்து விதிகளை எழுதி வைத்துவிட்டார். அவற்றில் நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்காமல் காப்பதைப் பற்றியது. நூலக அறிவியல் படித்தபோது அதைப் பரீட்சைக்காக உருப்போட்டேன். அதன் பொருள் புரிய எனக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. புரிய வைத்தவர் ஒரு மாணவர். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கேட்டலாக் என்றால் மர இழுப்பறைகள். 12.5-க்கு 7.5 சென்டிமீட்டர் அட்டைகள், அடியில் ஓட்டை, ஓட்டை வழியே ஒரு கம்பி. புத்தகம் வந்தால் அக்சஷன் ரெஜிஸ்டரில் எண் போட்டு, ரகசியப் பக்கத்தில் முத்திரை குத்தி, தேதிச் சீட்டு ஒட்டி, முதுகில் பகுப்பு எண் எழுத வேண்டும். தமிழ் இலக்கியத்துக்கு டூயியின் பகுப்பு முறையில் எண் 894.811. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்றே இலக்கம். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்துக்குப் ‘பிற மொழிகள்’ வரிசையில், புள்ளிக்கு அப்புறம் ஓர் இடம். எழுதும்போதெல்லாம் எனக்கு மனசில் தைக்கும்.

பிறகு கணினி வந்தது. தமிழ்த் தலைப்புகளை அப்போது கிடைத்த ஓர் எழுத்துருவில் அடித்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலைப்பெல்லாம் ரோமன் எழுத்தும் கேள்விக்குறியுமாகத் தெரியும். யூனிகோடு பரவலானதும் அத்தனையையும் அதற்கு மாற்றி, புதிதாகச் சிலவற்றை அடித்து, கோஹா என்ற மென்பொருளுக்குள் கொண்டுபோனோம். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிறிய வட்டாரத்தின் நூலகங்களுக்காக, 2000-ஆம் ஆண்டு பிறந்தால் பழைய கணினி முறை நின்றுபோகுமே என்ற அவசரத்தில் செய்யப்பட்டது அது. செய்தவர்கள் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. ஒரு கிராமத்துக் கல்லூரி நூலகம் காசு கொடுக்காமல் இப்படி ஒரு கருவியை வைத்துக்கொள்ள முடிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அந்த மாணவர் எம்.ஏ. தமிழ் படிக்க வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஒரு கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் போட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக் கொடுத்தோம். அந்த மென்பொருளும் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கியதுதான். அதுவும் இலவசம். திரையில் இருப்பதை அது வாய்விட்டுப் படிக்கும். இவர் காதால் கேட்டுக்கொண்டே வேகமாகத் தட்டச்சு செய்வார்.

ஒருநாள் மத்தியானம் இஷ்யூ கவுண்டருக்கு வந்து, “மேடம், நம்ம லைப்ரரியில ஔவையார் புக் ஒண்ணுகூட இல்லையா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆத்திசூடி உரை எந்த ரேக்கில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். நானே போய்த் தேடினேன். ‘ஔவையார்’ என்று அடித்தேன். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. ஆத்திசூடி என்று தலைப்பைக் கொடுத்துத் தேடினால் புத்தகம் வந்தது. ஆசிரியர் இடத்தில் ஔவையார் பெயரும் பளிச்சென்று இருந்தது. இருக்கிறவரை ஏன் இல்லை என்கிறது? நானும் உதவியாளரும் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் மெதுவாகச் சொன்னார்: “மேடம், உங்களுக்கு அது ஔவையாராத் தெரியலாம். எனக்கு இது ‘ஒ-ள-வை-யார்’னு படிக்குது.”

அப்போதுதான் பிடிபட்டது. ஔ என்பது ஓர் எழுத்து. யூனிகோடில் அதற்குத் தனி எண் உண்டு. எங்களுக்குத் தட்டச்சு செய்து கொடுத்தவர், தட்டச்சுப்பொறியில் பழகிய கையோடு, ஒகரத்தை அடித்துப் பக்கத்தில் ளகரத்தை அடித்திருக்கிறார். அச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். கண்ணால் ஆயிரம் முறை பார்த்தாலும் பிழை தெரியாது. காதால் படித்தவருக்குத்தான் தெரிந்தது.

அவர் அத்தோடு விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றொன்றாகத் தேடச் சொன்னார். மௌனி கதைகள் தேடினோம், இல்லை. பௌத்தம் தேடினோம். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ 1940-இல் வந்த புத்தகம், எங்களிடம் இரண்டு பிரதி உண்டு. அதுவும் இல்லை. சௌராஷ்டிரர் வரலாறு, கௌதம புத்தர் வாழ்க்கை எல்லாம் இல்லை. எல்லாமே அலமாரியில் தூசி தட்டிச் சுத்தமாக இருந்தன. தேடுகிறவருக்கு மட்டும் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை ஆண்டுகளாக, எத்தனை பிள்ளைகள் வந்து அடித்துப் பார்த்து, ‘இல்லை’ என்ற பதிலைப் படித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருப்பார்கள்? கூச்ச சுபாவமுள்ள முதலாமாண்டுப் பிள்ளை கவுண்டருக்கு வந்து கேட்காது. இந்தக் காலேஜில் இது கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடும். ரங்கநாதனின் நான்காம் விதி எனக்கு அன்றுதான் விளங்கியது. கவுண்டரில் நிற்பவரை விரைந்து கவனிப்பது என்று மட்டுமே அதை நினைத்திருந்தேன். கேட்காமலே திரும்பிப்போனவரின் நேரமும் அந்தக் கணக்கில் சேரும்.

கணினித் துறையில் பணியாற்றும் தம்பி ஒருவரை அழைத்துச் சொன்னேன். “ஒரே கமாண்ட் போதும் மேடம், ரெண்டு நிமிஷ வேலை” என்றார். முதலில் ஒரு நகலில் செய்து பார்ப்போம் என்று செய்தோம். ஔவையார் வந்துவிட்டார். ஆனால் ‘ஒளி’ உடைந்துபோனது. ஒகரமும் ளகரமும் சேர்ந்த இடத்தையெல்லாம் ஔ ஆக்கு என்றால், இயந்திரம் அப்படியே செய்யும். இயற்பியலின் ஒளியியல் போனது, தாவரவியலின் ஒளிச்சேர்க்கை போனது. மௌனியை மீட்க, ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்ததை ஔகாரமாக்கிய விதி வெள்ளத்தையும் வெளியையும் தெளிவையும் கெளுத்தி மீனையும் குலைத்துப் போட்டது. எது ஔகாரம், எது வெறும் ளகரம் என்று தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு.

பட்டியலை அச்சிட்டு வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க அதைச் செய்தோம். மாலை நான்கு மணிக்கு மேல் நான், உதவியாளர், படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்த்த இரண்டு மாணவிகள். நாங்கள் திருத்தத் திருத்த, அந்த மாணவர் ஹெட்ஃபோனில் கேட்டுச் சரிபார்த்தார். சந்தேகம் வந்தால் ஒருவர் எழுந்து அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வருவார். என் பணிக்காலத்தில் நான் பெருமையாக நினைக்கும் வேலை எது என்று கேட்டால், கட்டடம் கட்டியதையோ விருது வாங்கியதையோ சொல்ல மாட்டேன். அந்த மாலை நேரங்களைத்தான் சொல்வேன்.

புதிய வசதிகளைக் கண்டு மிரள்கிற ஆள் இல்லை நான். ஆய்வேட்டின் மின்படியைத் தர வேண்டும் என்று 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. அவை சேரும் இடமான சோத்கங்காவில் இன்று நாட்டின் பல மூலைகளில் எழுதிய ஆய்வேடுகளை வீட்டில் இருந்தே படிக்கலாம். நான் எம்.ஃபில். படித்தபோது ஒரே ஓர் ஆய்வேட்டைப் பார்க்க ராத்திரி பஸ் பிடித்துப் போய், இரண்டு நாள் தங்கி, கை வலிக்க எழுதிக்கொண்டு வந்தேன். 2025 தொடக்கத்திலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். எந்த ஒரு கல்லூரி நூலகரும் கனவில்கூட கேட்டிருக்க முடியாத வாய்ப்பு இது. உதவிபெறும் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் அந்தக் கதவு முழுதாகத் திறக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

போன ஆண்டு முதுகலை மாணவி ஒருவர் ஒரு துணைநூற் பட்டியலோடு வந்தார். அதில் மூன்று கட்டுரைகள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றார். இருவரும் உட்கார்ந்து தேடினோம். ஆய்விதழின் பெயர் உண்மை, அந்த ஆண்டுத் தொகுதியும் உண்மை. அந்தப் பக்க எண்ணில் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார், பட்டியலைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கியதாக. அந்தப் பெண் ஏமாற்ற நினைக்கவில்லை. இவ்வளவு திருத்தமாக, பக்க எண்ணோடு ஒருவர் பொய் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கணினி அன்று இருந்ததை இல்லை என்றது. இது இல்லாததை இருக்கிறது என்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். எழுந்துபோய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அன்று சாயங்காலமே சோத்கங்காவில் அவர் தலைப்பை ஒட்டிய உண்மையான ஆய்வேடு ஒன்று கிடைத்தது. அதன் துணைநூற் பட்டியலைப் பிடித்துக்கொண்டு அவர் மேலே போனார். நானும் அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறேன். அறிவிப்புகளுக்கு வரைவு எழுதச் சொல்வேன், ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றச் சொல்வேன். படமாக மட்டும் கிடக்கும் பக்கத்தைத் திரைவாசிப்பானால் படிக்க முடியாது. எழுத்தாக மாறினால் பார்வையற்ற பிள்ளைகள் கேட்கலாம். ஆனால் அது மாற்றித் தந்ததை மூலத்தோடு வைத்து ஒருமுறை படிக்காமல் யார் கையிலும் கொடுப்பதில்லை.

நீங்கள் இங்கிருந்து வங்கிக்குப் போவீர்கள், மருத்துவமனைக்கு, பள்ளிக்கு, கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போவீர்கள். பெரும்பாலான வேலைகளில் ஒரு திரையின் முன்னால் உட்கார்ந்து யாரோ ஒருவரின் பெயரை, ஊரை, நோயை, நிலத்தின் எல்லையை அடித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த ஆள் எதிரே இருக்க மாட்டார். பத்து ஆண்டு கழித்து அவருடைய பிள்ளை வந்து தேடும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். உங்கள் பெயரை இன்று எவ்வளவு ஆவலாகப் பார்த்தீர்களோ, அவ்வளவு ஆவலாக அந்தப் பெயரையும் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று உங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாணவர் இப்போது ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். “மேடம், ஸ்ரீரங்கம்னு ஃபோன்ல அடிச்சா நம்ம கேட்டலாக்ல நாலு புக் வருது. ஸ்கூல் கம்ப்யூட்டர்ல அடிச்சா வேற ரெண்டு வருது” என்றார். பார்த்தேன். ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக எழுதலாம்: வழக்கமான ஸகரத்தை வைத்து எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்த்த இன்னொரு ஶகரத்தை வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒரே ஸ்ரீ. பட்டியலை எடுத்து நேற்று அச்சிட்டேன், 11 பக்கம் வந்தது. திங்கட்கிழமை மாலை தொடங்குகிறோம்.

உங்கள் நூலகத்தின் கணினியில் இன்று காலை உங்கள் நூலகரோடு உட்கார்ந்து ஔவையாரைத் தேடிப் பார்த்தேன். இங்கேயும் அவரைக் காணவில்லை. வேலைக்குச் சேர இன்னும் சில வாரம் இருக்கிறது, தமிழ் நன்றாகத் தெரியும் என்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் வந்தால் போதும் என்று உங்கள் நூலகர் சொல்லச் சொன்னார். நாளை மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்திருக்கும்.